ஒரு சொல், பல பொருள்: ‘செட்’ என்னும் சிறுசொல்லின் வரலாறு

1604ஆம் ஆண்டில் இராபர்ட் காட்ரி என்னும் பள்ளியாசிரியர் இலண்டனில் ஒரு சிறு நூலை வெளியிட்டார். ஆங்கிலச் சொற்களுக்கு ஆங்கிலத்திலேயே பொருள் கூறிய முதல் அகராதி என அதனைக் குறிப்பர். ஏறத்தாழ 2,500 சொற்கள் அதில் அகர வரிசையில் அடுக்கப்பெற்றிருந்தன. இலத்தீன், கிரேக்கம், பிரெஞ்சு முதலிய மொழிகளிலிருந்து ஆங்கிலத்தில் வந்து குடியேறிய கடுஞ்சொற்களே அவை. சமயச் சொற்பொழிவுகளிலும் நூல்களிலும் எதிர்ப்படும் இத்தகைய சொற்களைக் கல்வி வாய்ப்பில்லாத மகளிரும் பிறரும் விளங்கிக்கொள்ள வேண்டும் என்பதே காட்ரியின் நோக்கம். வருதல், போதல், எடுத்தல், வைத்தல் போன்ற அன்றாடச் செயல்களைக் குறிக்கும் சொற்களுக்கு அந்நூலில் இடமில்லை. பால்குடி மறந்த குழந்தையும் அறிந்த சொல்லுக்கு அகராதி எதற்கு என்று அவர் எண்ணியிருத்தல் கூடும்.

ஏறத்தாழ நூறாண்டுகள் ஆங்கில அகராதியாளர் அனைவரும் அவ்வாறே எண்ணினர். ஒருவர் நூலைவிட மற்றொருவர் நூலில் கடுஞ்சொற்கள் மிகுந்தனவே தவிர, எளிய சொல் எதுவும் வாயிலைத் தாண்டி உள்ளே வரவில்லை. 1702இல், ஜான் கெர்சி தொகுத்ததாகக் கருதப்படும் அகராதி ஒன்றே அன்றாடச் சொற்களையும் முறையாகச் சேர்த்துக்கொண்டது. சேர்த்துக்கொண்டது எனினும், அவற்றுக்கு அது தந்த விளக்கம் ஓரிரு சொற்களைத் தாண்டவில்லை. இருப்பது தெரிந்தது, என்ன பொருள் என்பது தெரியவில்லை.

தமிழ் நிகண்டு மரபு இவ்வகையில் வேறு வழி நடந்தது என்பதை ஈண்டு நினைவுகூர்தல் தகும். திவாகரத்தின் பதினோராம் தொகுதி ‘ஒருசொல் பல்பொருட் பெயர்த்தொகுதி’ ஆகும். ஒரு சொல் பல பொருளைச் சுமக்கும் என்னும் உண்மைக்கு அந்நூல் தனித் தொகுதியே வகுத்தது. சூடாமணி நிகண்டு இயற்றிய மண்டல புருடர் அதே தொகுதியை எதுகை வரிசையில் அமைத்தார். பாடல் புனைவோர்க்கு அது எத்துணை உதவியாக இருந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. 1732இல் வீரமாமுனிவர் தொகுத்த சதுரகராதியின் முதற்பிரிவாகிய பெயரகராதியும் ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களை அகர வரிசையில் தந்தது. எனினும் இவையெல்லாம் பெரிதும் பெயர்ச்சொற்களையே நோக்கின. வை, இடு, விடு, பிடி போன்ற வினைகளின் விரிவு அங்கும் முழுமையாகப் பேசப்படவில்லை. சிறு வினைகளைப் பெரியோர் கண்டுகொள்ளாமை எல்லா நாட்டுக்கும் பொது போலும்.

அத்தகைய சிறு வினைகளுள் ஒன்றே ‘செட்’. எழுத்து மூன்று, அசை ஒன்று. பழைய ஆங்கிலத்தில் ‘சிட்டன்’ என்பது அமர்தலைக் குறித்தது. ‘செட்டன்’ என்பது அமரச் செய்தலைக் குறித்தது. தமிழ் இலக்கணக் கண்கொண்டு நோக்கின் முன்னது தன்வினை, பின்னது பிறவினை. இருத்தல், இருத்துதல் என்னும் இணையை அப்படியே ஒத்தது இது. ஜெர்மானிய மொழிக் குடும்பம் முழுவதிலும் இச்சொல்லின் உடன்பிறப்புகள் உண்டு. ஆகவே இதன் முதற்பொருள் மிக எளியது: ஒன்றை ஓரிடத்தில் இருக்கச் செய்தல்.

இந்த எளிய பொருள் எவ்வாறு கிளைத்தது? புலவர் எவரும் திட்டமிட்டு அதனைக் கிளைக்கச் செய்யவில்லை. தொழிலாளரே செய்தனர். மாலுமி பாயை விரித்துக் கட்டுவதை இச்சொல்லாற் குறித்தான். பொற்கொல்லன் மணியைப் பொன்னிற் பதிப்பதற்கு இதனையே கொண்டான். வேடன் கண்ணி வைத்தான். குடியானவள் கோழியை அடைவைத்தாள். தோட்டக்காரன் நாற்றை ஊன்றினான். எலும்பு முறிவுக்கு மருத்துவம் செய்வோன் மூட்டைப் பொருத்தினான். அச்சுக்கூடத்தான் எழுத்தைக் கோத்தான். இசைவாணன் பாட்டுக்கு மெட்டமைத்தான். இரம்பத்தின் பற்களை ஒன்று விட்டு ஒன்றாக இருபுறமும் வளைத்துவிடும் தச்சனின் செயலுக்கும் இதுவே சொல். உணவு மேசையில் தட்டும் கரண்டியும் பரப்புவதற்கும், கடிகார முள்ளைத் திருப்பி நிறுத்துவதற்கும், தேர்வுக்கு வினாத்தாள் அமைப்பதற்கும் இதுவே. தமிழ் இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வினையை வைத்திருக்கிறது. பதித்தல், ஊன்றல், கோத்தல், பொருத்தல், அமைத்தல் என்று நிரல்படச் சொல்லலாம். ஆங்கிலமோ ஒரே வினையை ஒவ்வொரு பட்டறையின் வாயிலிலும் நிறுத்தி வேலை வாங்கியது. இதனை வளமை என்பதா, வறுமை என்பதா என்று கேட்கத் தோன்றும். இரண்டும் அன்று, கைக்கு எட்டிய கருவியை எடுத்துக்கொள்ளும் உழைப்பாளியின் சிக்கனம் என்பதே பொருந்தும்.

காலப்போக்கில் இப்பிறவினை மீண்டும் தன்வினையாகவும் திரிந்தது. ஞாயிறு சாய்வதற்கும், கூழ் இறுகுவதற்கும், பூ உதிர்ந்து காய் பிடிப்பதற்கும் ஆங்கிலேயர் ‘செட்’ என்றே சொல்லலாயினர். யாரும் இருத்தாமலே இவை தாமாக இருக்கின்றன. இலக்கண நூலார் வகுத்த வேலியை வழக்கு எத்துணை இயல்பாகத் தாண்டிச் செல்லும் என்பதற்கு இது நல்ல சான்று.

இன்னொரு வியப்பும் உண்டு. தேநீர்க் கோப்பைகளின் ‘செட்’, அரட்டைக்குக் கூடும் நண்பர்களின் ‘செட்’ ஆகியவற்றில் வரும் பெயர்ச்சொல் மேற்கூறிய வினையிலிருந்து நேரே பிறந்ததன்று. பின்பற்றுதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வேரிலிருந்து ‘செக்டா’ என்னும் சொல் தோன்றியது. ஒரு கொள்கையைப் பின்பற்றும் கூட்டம் என்பது அதன் பொருள். அது பழைய பிரெஞ்சு வழியாகச் சிதைந்து ‘செட்’ என ஆங்கிலத்தை அடைந்தது. சமயப் பிரிவைக் குறிக்கும் ‘செக்ட்’ என்பதும் இதுவும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளே. ஒலி ஒத்திருந்தமையால், ஒருங்கே வைக்கப்பட்டவை என்னும் வினைப்பொருளும் இதனோடு கலந்துவிட்டது. இரண்டு ஆறுகள் ஒரே பெயரோடு ஓடிக் கூடினாற்போல்வது இது. கூடிய இடத்திற்குக் கீழே எந்தத் தண்ணீர் எந்த ஆற்றினது என்று பிரித்தறிவது அரிது. ஜெர்மன் கணிதவியலார் ஜார்ஜ் கேன்டர் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொகுதிகளைப் பற்றிய கோட்பாட்டை வகுத்தபோது, அவர் ஆண்ட ஜெர்மன் சொல்லுக்கு ஆங்கிலத்தில் நிலைபெற்றதும் இந்தச் ‘செட்’தான். தமிழ்ப் பாடநூல்களில் அது ‘கணம்’ ஆயிற்று.

இவ்வளவையும் ஓர் அகராதியில் ஒழுங்குபடுத்துவது எங்ஙனம்? முதலில் இச்சிக்கலை நேர்கொண்டு எதிர்த்தவர் சாமுவேல் ஜான்சன். 1747இல் அவர் வெளியிட்ட திட்டவறிக்கையில், ஆங்கிலத்தை ஒரு நிலையில் நிறுத்திக் காக்கலாம் என்னும் நம்பிக்கை தெரிந்தது. 1755இல் அகராதி இரண்டு பெருந்தொகுதிகளாக வெளிவந்தபோது, அதன் முன்னுரையில் அந்த நம்பிக்கை கரைந்திருந்தது. அவரை மிகவும் அலைக்கழித்தவை கடுஞ்சொற்கள் அல்ல. ‘செட்’, ‘புட்’, ‘கோ’, ‘ரன்’, ‘மேக்’, ‘டேக்’ முதலிய சிறு வினைகளையே அவர் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். இவற்றின் பொருள் தளர்ந்தும் பரந்தும் கிடப்பதால் வழிதெரியாமல் திகைக்க வேண்டியிருந்தது என்பது அவர் கருத்து. ஒரு சொல்லை விளக்க அதனினும் எளிய சொற்கள் வேண்டும். எல்லாவற்றினும் எளிய சொல்லை எதைக்கொண்டு விளக்குவது? இவ்வினாவை அவரினும் தெளிவாக எழுப்பியவர் அரியர்.

எனினும் ஜான்சன் பின்வாங்கவில்லை. ‘டேக்’ என்னும் ஒரு சொல்லுக்கு மட்டும் 134 பொருள்களை எண்ணிட்டு, ஐந்து பக்கங்களில் மேற்கோளோடு நிரப்பினார். காட்ரி ஓர் அடிகூட ஒதுக்காத இடத்தில் ஐந்து பெரும்பக்கங்கள்! ஆங்கில அகராதிக் கலையின் உண்மையான திருப்பம் இதுவே. அவருடைய நகைச்சுவை விளக்கங்களைத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சிரிப்பவர்கள் இந்த ஐந்து பக்கங்களைக் கண்டுகொள்வதில்லை.

அடுத்த பெருமுயற்சி ஒரு நூற்றாண்டு கழித்து எழுந்தது. 1857இல் இலண்டன் மொழியியற் கழகத்தில் ரிச்சர்டு செனவிக்ஸ் டிரெஞ்ச் என்னும் சமயப் பெரியார் இரண்டு கட்டுரைகள் படித்தார். அகராதியாளன் மொழிக்கு நீதிபதி அல்லன், வரலாற்றாசிரியனே என்பது அவர் கொள்கை. ஒவ்வொரு சொல்லும் எப்போது பிறந்தது, எவ்வெப்பொருளில் வழங்கியது என்பதை மேற்கோள் காட்டி நிறுவ வேண்டும் என்றார் அவர். அக்கொள்கையில் கருக்கொண்டதுதான் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி. முதற் பதிப்பாசிரியர் ஹெர்பர்ட் கோல்ரிட்ஜ் மேற்கோள் சீட்டுகளை இட்டுவைக்க 54 அறைகள் கொண்ட அடுக்கு ஒன்றை அமைத்தார். இரண்டே ஆண்டில், 1861இல், முப்பதாம் வயதில் அவர் மறைந்தார். 1879இல் பொறுப்பேற்ற ஜேம்ஸ் மரே, ஸ்காத்லாந்து எல்லையோரச் சிற்றூரிற் பிறந்த தையற்காரர் மகன். பள்ளியாசிரியராக இருந்துகொண்டே இப்பணியை மேற்கொண்டவர். தம் தோட்டத்தில் தகரக் கொட்டகை எழுப்பி அவர் அமைத்த அறைகள் 1,029. அவரை வந்தடைந்த சீட்டுகளோ ஏறத்தாழ இரண்டு டன் எடை. ஒரு மூட்டையில் செத்த எலி கிடந்தது. மற்றொன்றில் சுண்டெலி ஒன்று குடும்பத்தோடு வாழ்ந்தது.

அம்மூட்டைகளைப் பிரித்தபோது வெளிப்பட்ட உண்மை எலிகளினும் கவனத்திற்குரியது. நாடெங்கும் தன்னார்வத்தோடு நூல்களைப் படித்துச் சீட்டு எழுதி அனுப்பியவர்கள் அரிய சொற்களையே தேடித் தேடி எழுதியிருந்தனர். வழக்கொழிந்த ‘அபியூஷன்’ என்னும் சொல்லுக்கு ஏறத்தாழ ஐம்பது மேற்கோள்கள் இருந்தன. எல்லோரும் நாள்தோறும் வழங்கும் ‘அபியூஸ்’ என்பதற்கு ஐந்துகூடத் தேறவில்லை. படிப்போர் கண்ணுக்குப் புதுமை புலப்பட்டதே தவிர, எதிரே கிடந்த பழஞ்சொல் புலப்படவில்லை. காட்ரி காலத்துப் பழைய நோய், 275 ஆண்டுகளுக்குப் பின்னும் தீரவில்லை என்பதே இதன் பொருள். அருஞ்சொல்லைக் கண்டால் மகிழ்ந்து குறித்துக்கொள்வதும், எளிய சொல்லைக் கடந்து போவதும் கவிஞர்க்கும் புதியன அல்ல. மரேயும் அவர்தம் உதவியாளரும் எளிய சொற்களுக்கான மேற்கோள்களைத் தாமே மீண்டும் தேட வேண்டியதாயிற்று. அன்றாடச் சொற்களையும் விடாது குறிக்குமாறு வாசகர்களுக்கு வேண்டுகோள் விடுத்தார் மரே. சீட்டுகளை அகர வரிசைப்படுத்தும் வேலையில் அவருடைய பிள்ளைகளும் சிறுகாசு பெற்றுக்கொண்டு ஈடுபட்டனர். பத்தாண்டில் முடிப்பதாக ஒப்பந்தம். ஐந்தாம் ஆண்டாகிய 1884இல் வெளிவந்த முதற்பகுதி ‘ஆன்ட்’ என்னும் சொல்லோடு நின்றது. எறும்புக்குப் பெயரான அச்சொல்லில் நின்றதும் ஒரு பொருத்தமே.

‘செட்’ என்னும் சொல் மரேயின் கைக்கு வரவில்லை. எஸ் எழுத்தின் அப்பகுதி அவருடைய இணையாசிரியர் ஹென்றி பிராட்லியைச் சார்ந்தது. பிராட்லி பல்கலைக்கழகம் கண்டவர் அல்லர். கத்தி, கரண்டி முதலியவற்றுக்குப் பேர்போன ஷெபீல்டு நகரில், அப்பண்டங்களை விற்கும் வணிக நிறுவனம் ஒன்றில் பல்லாண்டுகள் கடிதம் எழுதும் எழுத்தராக இருந்தவர். பல மொழிகளைத் தாமே கற்றவர். 1884இல் வெளிவந்த முதற்பகுதிக்கு அவர் எழுதிய மதிப்புரையின் நுட்பம் கண்டே மரே அவரை அழைத்துக்கொண்டார். கத்தியும் முள்ளும் ‘செட்’ ‘செட்’டாக விலைபோகும் ஊரிலிருந்து வந்தவரிடம் இச்சொல் சேர்ந்ததைத் தற்செயல் என்றுதான் சொல்ல வேண்டும், ஆயினும் இனிய தற்செயல்.

பிராட்லி எதிர்கொண்ட சிக்கலின் உள்முடிச்சு இதுதான். ‘செட்’ பெரும்பாலும் தனித்து நிற்பதில்லை. அதனோடு சேரும் சிறு இடைச்சொல் மாறினால் பொருள் தலைகீழாகும். ‘ஆஃப்’ சேர்ந்தால் பயணம் புறப்படுதல். வெடியை வெடிக்கச் செய்தலும் அதுவே. ஒன்றின் அழகை மற்றொன்று எடுத்துக்காட்டலும் அதுவே. ‘அப்’ சேர்ந்தால் நிறுவுதல். ‘இன்’ சேர்ந்தால் மழையோ குளிரோ தொடங்கி நிலைபெறுதல். ‘டவுன்’ சேர்ந்தால் இறக்கிவைத்தல், எழுத்தில் வடித்தல். நெருப்பு என்பதோடு சேர்ந்தால் எரியூட்டல். விடுதலை என்பதோடு சேர்ந்தால் கட்டவிழ்த்தல். இவற்றிலெல்லாம் பொருள் ‘செட்’டுக்கு உரியதா, துணைக்கு வந்த சொல்லுக்கு உரியதா, இரண்டும் கூடிய கூட்டுக்கு உரியதா? முதற்பொருளாகிய ‘இருக்கச் செய்தல்’ மெலிந்து மெலிந்து, சில தொடர்களில் வெறும் வினைத்தன்மை மட்டுமே எஞ்சுகிறது. பாத்திரம் வெறுமையாக இருப்பதனாலேயே எதையும் அதில் வார்க்க முடிகிறது. தமிழில் ‘போடு’ என்பது சட்டை போடு, சண்டை போடு, கணக்குப் போடு, தூக்கம் போடு என்று நடப்பதை நோக்கின் இது நன்கு விளங்கும்.

சில சமயம் கூட்டுச்சொல்லே முழுவதும் புரண்டுவிடுவதும் உண்டு. ‘அப்செட்’ என்பது இடைக்காலத்தில் மேலே நிமிர்த்தி நிறுத்துதலைக் குறித்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ அதுவே கவிழ்த்தலைக் குறிக்கலாயிற்று. நிமிர்த்தியதும் கவிழ்த்ததும் ஒரே சொல். பழைய பொருள் முழுதும் மறையவில்லை. ஏலத்தில் கேள்வி தொடங்கும் விலையை ‘அப்செட்’ விலை என்று ஸ்காத்லாந்துச் சட்ட வழக்கு வழங்கியது. இந்திய நீதிமன்ற ஏலங்களிலும் அத்தொடர் புகுந்து நிலைத்தது. சொத்து ஏலத்துக்கு வந்தவன் மனம் ‘அப்செட்’ ஆவது வேறு, அவன் சொத்துக்கு ‘அப்செட்’ விலை குறிப்பது வேறு. இரண்டுக்கும் இடையே சில நூற்றாண்டுகள் இருக்கின்றன.

மரே 1915இல் மறைந்தார். பிராட்லி 1923இல் மறைந்தார். அகராதி 1928இல் நிறைவெய்தியது. நான்கு இலட்சத்துக்கு மேற்பட்ட சொற்களும், பதினெட்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மேற்கோள்களும் கொண்ட பெருநூல் அது. 1989இல் 20 தொகுதிகளாக இரண்டாம் பதிப்பு வந்தபோது, அதன் மிக நீண்ட பதிவு ‘செட்’ என்னும் வினையே என்பது உலகுக்குத் தெரியவந்தது. பொருள்கள் 430க்கு மேல். அவற்றை விளக்க ஏறத்தாழ 60,000 சொற்கள். ஒரு நடுத்தர நாவலின் அளவு! கின்னஸ் நூலும் இச்செய்தியை ஏற்றுக்கொண்டது.

அரியணை நெடுங்காலம் நிலைக்கவில்லை. மூன்றாம் பதிப்புக்கான திருத்தப்பணி எம் எழுத்திலிருந்து தொடங்கியமையால், 2000ஆம் ஆண்டில் ‘மேக்’ முந்தியது. 2007இல் ‘புட்’ அதனை முந்தியது. 2011இல் ‘ரன்’ எல்லாவற்றையும் முந்தியது. அப்பதிவைத் திருத்திய பீட்டர் கில்லிவர் ஒன்பது மாதங்கள் அதற்கே செலவிட்டார். வினையின் பொருள்கள் மட்டும் 645 எனக் கண்டார். ‘செட்’ நிலைபேற்றின் சொல், ‘ரன்’ இயக்கத்தின் சொல். பொறிகள் ஓடத் தொடங்கிய காலம் இச்சொல்லையும் ஓட்டிற்று என்று சைமன் வின்செஸ்டர் போன்ற எழுத்தாளர் விளக்கினர். கேட்க இனிய விளக்கம். பொறி, பேருந்து, கணிப்பொறி நிரல் யாவும் ‘ரன்’ என்னும் வினையைப் பெற்றமை மெய்யே. தமிழிலும் கடிகாரமும் திரைப்படமும் ‘ஓடு’கின்றன. ஆனால் இதனை மட்டும் கொண்டு ஒரு யுகம் போய் ஒரு யுகம் வந்தது என முரசறைவது பொருந்தாது. 430 என்பது பழைய கணக்கு. 1989ஆம் ஆண்டுப் பதிப்பு முதற்பதிப்பையும் பிற்சேர்க்கைகளையும் ஒன்றாக்கியதே தவிர, ஒவ்வொரு பதிவையும் புதிதாக ஆராய்ந்ததன்று. ஆகவே ‘செட்’டின் எண்ணிக்கையிற் பெரும்பகுதி பிராட்லி காகிதச் சீட்டுகளை அடுக்கிப் பிரித்த எல்லைகளைச் சார்ந்தது. 645 என்பதோ கணிப்பொறியின் துணையோடு பெருந்திரளான எழுத்துகளைச் சலித்தெடுத்த காலத்தின் கணக்கு. மரக்காலால் அளந்ததையும் தராசில் நிறுத்ததையும் ஒப்பிட்டு வென்றவர் இவர் என்பது போன்றது இது. மேலும், ஒரு பொருள் எங்கே முடிந்து மற்றொன்று எங்கே தொடங்குகிறது என்பதைச் சொல் தானே சொல்வதில்லை. பதிப்பாசிரியரின் கத்தரிக்கோல் சொல்கிறது.

ஆங்கிலத்தோடு பழகிய மொழிகளுக்கும் இச்சொல் சென்று சேர்ந்தது. தமிழகத்து வேளாண்மையில் ‘பம்பு செட்’ என்பது கிணற்றுமேட்டுச் சொல்லாகவே ஆகிவிட்டது. திரைப்படத்துக்கு ‘செட்’ போடுவர். கொத்தனார் பூச்சு ‘செட்’ ஆகட்டும் என்று காத்திருப்பார். ஒத்த வயதினரை ‘எங்கள் செட்’ என்பர். ‘செட்டப்’ என்பது ஆங்கிலத்தில் அமைப்பு, ஏற்பாடு என்னும் பொதுப் பொருளிலும், ஒருவரைச் சிக்கவைக்கும் சூழ்ச்சி என்னும் பொருளிலும் வழங்குவது. தமிழ்ப் பேச்சில் பொய்யான ஏற்பாடு என்னும் சாயலே ஓங்கிற்று. சிக்கனத்தைக் குறிக்கும் தமிழ்ச்சொல்லாகிய ‘செட்டு’ வேறு. அதனை இதனோடு உறவுபடுத்துவார் உளராயின் அது வெறும் ஒலிமயக்கம்.

அண்மைக்கால இளைஞர் பேச்சில் ‘எனக்கு இது செட் ஆகாது’ என்பது பெருவழக்காயிற்று. பொருந்தாது, ஒத்துவராது என்பது அதன் பொருள். இன்றைய பொது ஆங்கிலத்தில் ‘செட்’ இப்பொருளில் வழங்குவதில்லை. ஆகவே இது தமிழரின் கொச்சை என்று கடிந்துரைப்போர் உண்டு. ஆயினும் ஸ்காத்லாந்து மக்களின் பழைய வழக்கில், ஓர் உடையோ நடத்தையோ ஒருவருக்குப் பொருந்துகிறது, அழகு செய்கிறது என்பதைக் குறிக்க ‘செட்’ என்னும் வினையையே ஆண்டனர். மரே பிறந்த மண்ணின் வழக்கு அது. அங்கிருந்து இங்கு எவரும் அதனைக் கொண்டுவந்து தரவில்லை.